கழிக்காத நாற்பது நிமிடம்

மூவாயிரம் வருடத்துக் கல்லைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். பதினேழு வருடமாக அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், ஐயா. முதல் கேள்வியாகக் கல்லைப் பற்றிக் கேட்ட ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. இரண்டாவது கேள்வி, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். மூன்றாவது, அங்கே நிழல் இருக்குமா. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "போர்டைப் பாத்துட்டுப் போங்க" என்பேன். என் உத்தியோகமே அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் கதவைத் திறப்பதும் மூடுவதும்.

வாக்குமூலத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். தட்டச்சு செய்கிற அம்மாவுக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நீங்கள் அங்கே வந்தது அவரைத் தூக்கிப்போகத்தான். அந்தக் களேபரத்தில் இடத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கரையோரப் பாதை தொடங்கும் மேட்டில் எங்கள் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, முக்காலியில் நிற்கும் ஒரு தொலைநோக்கி, மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் அபாயச் சங்கின் சிவப்புப் பொத்தான். வாசலுக்கு எதிரே கரும்பலகை. அங்கிருந்து பாதை கடலை ஒட்டியே முட்புதர்களுக்கு நடுவில் ஏறி இறங்கி ஒன்றரை மைல் போகும். அதற்கப்புறம் கழுத்து. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றையும் கரையையும் சேர்க்கிற மணல் திட்டு அது. நானூறு அடி நீளம், இரண்டு பக்கமும் தண்ணீர். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பதால் கழுத்து என்று எந்தக் காலத்திலோ பெயர் வைத்துவிட்டார்கள். கழுத்தைத் தாண்டிக் குன்றில் ஏறினால் கற்கள்.

ஆளுயரத்தில் ஐந்து கல்லை நட்டு, மேலே ஒரு பெரும் பாறையை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். செத்தவர்களை உள்ளே வைத்து மூடிய இடமாம். வருகிறவர்களில் பாதிப்பேர், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மீதிப்பேர் அந்த மூடியை எப்படித் தூக்கினார்கள் என்று ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அது ஆச்சரியமே இல்லை. கரையில் கிடைக்கிற கல் அது. கழுத்து வழியாகத்தான் இழுத்துப் போயிருக்க வேண்டும். கடல் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து இழுத்து, கடல் ஏறுவதற்குள் திரும்பியிருக்கிறார்கள். கடிகாரம் இல்லாதவர்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏனென்றால் கழுத்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை மூழ்கும். எந்த நேரத்தில் மூழ்கும் என்று பலகையில் எழுதிப்போடுவதுதான் எங்கள் அறையின் முக்கிய வேலை. துறைமுகத்தில் கடல் ஏறும் நேரத்தை ஒரு புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் அன்றைய தேதிக்கு நேராக இருப்பதைப் பார்த்து, அதிலிருந்து நாற்பது நிமிடத்தைக் கழித்து எழுத வேண்டும். துறைமுகத்தைவிடக் கழுத்து தாழ்வு, அதனால் நாற்பது நிமிடம் முன்னாலேயே தண்ணீர் வந்துவிடும். புத்தகத்தில் மூன்று மணி என்றால் பலகையில் இரண்டு இருபது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு.

அந்த நாற்பதைக் கண்டுபிடித்தவர்தான் நீங்கள் கழுத்திலிருந்து தூக்கி வந்தவர். எங்கள் மேற்பார்வையாளராக இருந்தவர். வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாதம் முழுக்கக் கழுத்துக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்து கணக்கெடுத்தாராம். அதற்கப்புறம் அவர் வாயில் வேறு எண்ணே வராது. காலையில் உள்ளே நுழைந்ததும் வணக்கத்துக்கு முன்னால், "நாப்பது கழிச்சாச்சா?" என்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் நாப்பது சார். எங்கள் மீட்புப் படகை ஓட்டுகிற படகுக்காரர் வைத்த பெயர். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொன்றும் சொல்வார். புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். "கண்ணை நம்பாதீங்க, போர்டை நம்புங்க." கழுத்தின் ஓரம் மேடு, நடு பள்ளம். ஓரத்தில் நிற்கிறவனுக்குக் கணுக்கால் அளவுதான் தண்ணீர் தெரியும். நடுவில் இடுப்புக்கு மேல் இருக்கும், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும். பார்ப்பதற்குப் பசுமாதிரி சாதுவாக இருக்கும். அதனால்தான் பலகை. நாப்பது சார் அந்த விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இருப்பவர் என்று பெயர் எடுத்திருந்தார். ஒருவர் நேரத்தை எழுத வேண்டும், இன்னொருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் கதவு திறக்கக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருடைய பொறுப்பு. இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள் அம்மா.

பதினொரு வருடத்துக்கு முன்னால் என் தங்கச்சி அந்தக் கழுத்தில் போய்விட்டாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. அம்மா போகும்போது அவளுக்கு ஆறு, எனக்கு இருபது. நான்தான் தலை வாரிவிட்டேன், நான்தான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டேன், காய்ச்சல் வந்தால் நான்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது பரிதாபப்பட்டால், "எங்க அக்காவுக்கு நான் ஒருத்தி போதாதா, இன்னொரு தொல்லை வேற எதுக்கு?" என்று அவளே பதில் சொல்லிவிடுவாள். வாயாடி. வெளிநாட்டில் வேலை கிடைத்து, கிளம்ப எட்டு நாள் இருந்தது. "இத்தனை வருஷமா நீ காவல் காக்குற கல்லை நான் ஒரு தடவைகூடப் பாக்கலையே அக்கா, அங்க போய் யாராவது கேட்டா மானம் போயிடும்" என்று என்னோடு புறப்பட்டு வந்தாள். தனியாகத்தான் நடந்துபோனாள். நான் வாசலை விட்டு நகர முடியாது.

அன்றைக்குப் பலகையில் நேரம் தவறாக இருந்தது. இரண்டு பத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஐம்பது இருந்தது. நாற்பது கழிக்கவில்லை. கீழே நாப்பது சாரின் கையெழுத்து இருந்தது.

இரண்டரை வாக்கில் அவள் கழுத்தில் இறங்கியிருக்க வேண்டும். அப்போது இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் வந்து நின்றது, நான் அவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படகுக்காரர் அவளைக் கொண்டுவந்தபோது மணி மூன்றரை. காலில் ஒரு செருப்பு இருந்தது, இன்னொன்று இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம்.

நாப்பது சார் செய்ததை மட்டும் கேளுங்கள். விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு துணியை நனைத்தார். பலகையை மேலிருந்து கீழ் வரைக்கும் துடைத்தார். காய்ந்ததும் இரண்டு பத்து என்று அவர் கையாலேயே எழுதினார். பிறகு என் முன்னால் வந்து குனிந்து, "நீ எதுவும் பேசாதேம்மா. கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். பலகை சரியாகத்தான் இருந்தது, காலையிலேயே நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன், அந்தப் பெண்தான் படம் எடுத்துக்கொண்டு நேரம் போனது தெரியாமல் இருந்திருக்க வேண்டும் என்று கூசாமல் சொன்னார். என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பத்திரிகையில் நான்கு வரி வந்தது. கவனக்குறைவு என்று போட்டிருந்தார்கள். என் தங்கச்சி கவனக்குறைவானவள் என்று ஊரே படித்தது. எட்டு நாளில் கிளம்ப வேண்டியவள் பத்து நாள் முன்னாலேயே பெட்டி கட்டி, ஒவ்வொரு பையிலும் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். அவளா கவனக்குறைவு? எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. இன்றைக்கும் எரிகிறது. தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு செத்த பெண்ணின் தலையில் பழியைத் தூக்கிப் போட்ட மனிதர் அவர். என் வாயையும் சேர்த்துக் கட்டிப்போட்டார்.

ஆறு மாதத்தில் அவராகவே எழுதிக்கொடுத்து மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். உள்நாட்டில் ஏதோ ஒரு கிடங்கில் பழைய கோப்புகளைப் பார்க்கிற வேலை, இதைவிடத் தாழ்ந்த பதவி. அதைச் சிலர் என்னிடம் வந்து உருக்கமாகச் சொன்னார்கள். பதவி தாழ்ந்தால் என்ன, மூச்சு இருக்கிறதே. போவதற்கு முன்னால் வாராவாரம் என் வீட்டுக்கு வருவார். கதவைத் தட்டிவிட்டு நிற்பார். நான் உள்ளே இருந்துகொண்டே திறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்கும். குற்றம் செய்தவர் வேறென்ன செய்வார்?

நான் வேலையை விடவில்லை. அந்த வாசலில் உன்னால் எப்படி உட்கார முடிகிறது என்று என் சித்தி கேட்டாள். யாராவது சரியாக எழுத வேண்டாமா என்றேன். பதினொரு வருடம், ஐயா. ஒரு நாள்கூடத் தவறவில்லை. புத்தகத்தைப் பார்ப்பேன், கழிப்பேன், எழுதுவேன், திரும்பவும் கழித்துப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது தட்டில் விரலால் எழுதிக் கழித்துப் பார்ப்பேன். எத்தனை ஆயிரம் பேர் என் பலகையைப் பார்த்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். எனக்கு யாருக்கும் கெடுதல் செய்கிற புத்தி கிடையாது.

போன மாதம் தொலைபேசி வந்தது. குரல் கிழண்டு போயிருந்தது, ஆனாலும் தெரிந்தது. ஓய்வு பெற்றுவிட்டாராம். மனைவி இறந்துவிட்டாளாம். கண்ணில் புரை, முழங்காலில் வலி. "நடக்க முடியறப்பவே ஒரு தடவை வந்து அந்தக் கல்லைப் பாத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்மா. உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்றார். தாராளமாக வாங்க சார் என்றேன். என்றைக்கு வரலாம் என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

புரட்டிப் பார்த்தேன். அந்த மாதத்தில் கடல் மிகவும் அதிகமாக ஏறுகிற நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. செவ்வாய் எங்களுக்கு விடுமுறை, பொதுமக்களுக்குப் பாதை திறப்பதில்லை. கூட்டம் இருக்காது, உங்களுக்காக நான் திறந்துவைக்கிறேன், நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். "உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா" என்றார். வேறு நாள் சொல்லியிருந்தால் நாலு பேர் பலகையைப் பார்த்துப் போயிருப்பார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் கால்கூட நனையக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இதை நீதிமன்றத்தில் சொல்வீர்களா என்று தெரியவில்லை. சொன்னால் நல்லது.

அன்றைக்குப் புத்தகத்தில் நான்கு மணி ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. கழுத்து மூடுவது மூன்று இருபத்தைந்துக்கு. நான் பலகையில் நான்கு ஐந்து என்று எழுதினேன். சாக்பீஸை லேசாக நனைத்து, நல்ல பெரிய எழுத்தில் எழுதினேன், அவருக்குப் புரை விழுந்த கண் அல்லவா. எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பதினொரு வருடமாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு வந்தார். கையில் அதே மடக்கு நாற்காலி, புதிதாக ஒரு ஊன்றுகோல். தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். கிட்டத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"நாப்பது கழிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"கழிக்காம இருப்பேனா சார்?" என்றேன்.

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. திருப்பிக் கேள்விதான் கேட்டேன். அவர் சிரித்தார். "அதானே, உன்கிட்டப் போய்க் கேக்கறேன் பாரு" என்றார். பிறகு பழைய ஞாபகத்தில் சாக்பீஸை எடுத்துப் பலகையின் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். புத்தகம் மேஜையில்தான் இருந்தது. ஒரு எட்டு வைத்துக் குனிந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அந்த மனிதர் எதையும் கற்றுக்கொள்ளவே இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரம் வரைக்கும் துடைப்பான் என் கையில்தான் இருந்தது. கை ஒரு தடவை பலகைப் பக்கம் போகவும் போனது. வயதான மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அப்போது பேசினார். பேசாமல் போயிருக்கலாம்.

"இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்மா" என்றார். "அன்னைக்கு நடந்தது நம்ம ரெண்டு பேர் தப்பு. நீ ஒருத்தியே சுமந்துக்கிட்டு இருக்காதே. அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்து வந்து நின்னேன்."

இரண்டு பேராம். செத்தது என் தங்கச்சி. பலகைக்குப் பொறுப்பு அவர். பழியைப் போட்டது அவர். பதினொரு வருடம் கழித்து வந்து, பாதியை என் மடியில் வைத்துவிட்டு, பாவம் பார்த்து முதுகைத் தட்டிக்கொடுக்கிறார். துடைப்பானை மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

"போயிட்டு வந்து பேசிக்கலாம் சார்" என்றேன். "அவசரப்படாதீங்க. நிதானமா உக்காந்து பாருங்க. நாலு அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கே." என் தண்ணீர்ப் புட்டியை அவரிடம் கொடுத்தேன். அவர் கொண்டுவர மறந்துவிட்டார், வெயில் கடுமையாக இருந்தது. நீங்கள் கரையில் கண்டெடுத்த பச்சைப் புட்டி என்னுடையதுதான். தேவையில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள், நல்ல புட்டி.

பிறகு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முட்புதர்களுக்கு நடுவில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இரண்டு தடவை நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். கழுத்தைத் தாண்டும்போது மணல் காய்ந்துதான் இருந்தது. குன்றில் ஏறக் கஷ்டப்பட்டார். கற்களுக்குப் பக்கத்தில் போனதும் உடனே உட்காரவில்லை. ஐந்து கல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டார், ரொம்ப நாள் கழித்து வீட்டு ஆட்களைப் பார்த்த மாதிரி. அப்புறம் நாற்காலியை விரித்து நிழலில் உட்கார்ந்தார். என் புட்டியிலிருந்து தண்ணீர் குடித்தார். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், அழுதாரா தூங்கினாரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

மூன்று இருபத்தைந்துக்குக் கழுத்தின் நடுவில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் தொட்டுக்கொண்டது. அவர் கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றரைக்கு எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று நாற்பதுக்குக் கழுத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டார். தண்ணீரைப் பார்த்தார். ஊன்றுகோலைத் தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்த்தார். கணுக்கால் அளவு. பலகையின்படி இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. கண்ணை நம்பாதே, பலகையை நம்பு. செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

படகுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை நான் எங்கேயும் அனுப்பவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் படகுத்துறையில் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கழுத்து தெரியாது. சங்கு ஒலித்தால் ஏழு நிமிடத்தில் போய்விடுவார். அவரை ஏதாவது சாக்குச் சொல்லி நான் வெளியே அனுப்பியிருந்தால் அது திட்டம் போட்ட கொலை ஆகியிருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அது வேலை செய்கிறதா என்று போன வாரம்தான் சோதித்துப் பார்த்திருந்தோம்.

நடுவில் போனதும் நின்றார். இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார், முன்னால் பார்த்தார். நாற்காலியை விட்டார், செருப்பை விட்டார். அப்புறம் எங்கள் அறை இருக்கும் மேட்டைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். நான் தொலைநோக்கியில் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும், அப்படிப் பழக்கியது அவர்தான். யாராவது கழுத்தில் இருக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது என்பார். நான் கண்ணை எடுக்கவில்லை.

நானும் கையாட்டினேன்.

மூன்று நாற்பதிலிருந்து மூன்று ஐம்பத்தாறு வரைக்கும், பதினாறு நிமிடம். பதினாறு நிமிடமும் பார்த்தேன். என் தங்கச்சிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பதினொரு வருடமாகத் தெரியாமல் இருந்தது. இப்போது ஒரு மாதிரி தெரிந்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். நான்கு ஐந்துக்குச் சங்கை ஒலித்தேன். பலகையில் போட்டிருந்த நேரம் அதுதானே.

அவர் அன்றைக்குப் பலகையை அழித்தார். நான் என் பலகையை அழிக்கவில்லை. நீங்கள் வரும்வரைக்கும் ஒரு தூசு படாமல் வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் படம் எடுத்ததும், கீழே இருக்கும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, கிழவர் தானே தவறாக எழுதிக்கொண்டு தானே போய் மாட்டிக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்கள். விபத்து என்று முடித்திருப்பீர்கள். நான்தான் இங்கே வந்து அப்படி இல்லை என்று சொன்னேன். நான் செய்ததை இன்னொருவர் தலையில் போட்டுவிட்டுப் போக நான் என்ன நாப்பது சாரா? எண்கள் என்னுடையவை. கையெழுத்து மட்டும்தான் அவருடையது. போன தடவையும் அப்படித்தான்.

தட்டச்சு சத்தம் நின்றுவிட்டதே.

சொன்னேன் ஐயா, போன தடவையும் எண்கள் என் எழுத்துதான். எழுதுவது என் வேலை, வேறு யார் எழுதுவார்கள்? இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, இதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்தான் யாரையும் கேட்கவிடவில்லையே.

அன்றைக்குக் காலையில் அவள் என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைக் காட்டி, "இதப் பாரு அக்கா, விமானத்துல ஏத்தறதுக்கு முன்னாடியே புடிச்சு உள்ள வச்சிடுவாங்க" என்றாள். திருடி மாதிரித்தான் இருந்தாள். சிரித்த சிரிப்பில் என் கையில் சாக்பீஸ் உடைந்துவிட்டது. குனிந்து பொறுக்கினேன். புத்தகத்தைப் பார்த்தேன், எழுதினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நாப்பது சார் வந்தார், "கழிச்சாச்சா?" என்றார், நான் சிரிப்பை அடக்க முடியாமல் தலையை ஆட்டினேன். ஆறு வருடத்தில் நான் ஒரு தப்பும் செய்ததில்லை, அந்த நம்பிக்கையில் புத்தகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். "எத்தனை மணிக்குள்ள திரும்பணும்?" என்று கேட்டாள் அவள். போர்டில் போட்டிருக்கிறேன் பார் என்றேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனிதர் என்றால் தப்பு வரும், ஐயா. ஒருவர் எழுதினால் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று வைத்ததே அதற்காகத்தான். என் வேலை எழுதுவது, அவர் வேலை பார்ப்பது. நான் என் வேலையைச் செய்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டாரே, அவரை நான் எப்படி மன்னிக்க முடியும்? அன்றைக்கு அவர் அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால், என் தங்கச்சியை நான் கொன்றிருக்க மாட்டேன்.